நாலாவது கியரில் நாற்பத்திரண்டு

எங்கள் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மேல் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. உள்ளங்கை அகலம், லேமினேஷன் போட்டது. இடது ஓரத்தில் இன்ஜின் சுற்று ஆயிரக்கணக்கில், மேல் வரிசையில் கியர், கட்டங்களுக்குள் வேகம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். லஸ் பக்கம் ஒருவர் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அதன் மேல் கிட்டத்தட்ட அந்த மாதிரி பக்திதான்.

அதைப் போட்டவள் நான். நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். இருபது வருடத்தில் கரும்பலகையில் எழுதியதை அழித்துத் திருத்திய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. பிறந்து வளர்ந்தது ஈக்காட்டுத்தாங்கலில். வீட்டை ஒட்டி அப்பாவின் லேத் பட்டறை. மற்ற பெண்கள் சொப்பு வைத்து விளையாடிய வயதில் நான் பல்சக்கரங்களை அடுக்கி விளையாடினேன். ஒரு சக்கரம் எத்தனை சுற்றினால் அடுத்தது எத்தனை சுற்றும் என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும்.

வண்டியை ஓட்டுகிறவளும் நான்தான். என் கணவர் பின்னால் உட்காருவார். அவர் கடம் வாசிக்கிறவர். கச்சேரிக்குப் போகும்போது கடத்தைப் பஞ்சு வைத்த பையில் போட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் இறுக்கி, இரண்டு கையாலும் கட்டிக்கொள்வார். அப்படி உட்கார்ந்திருக்கிறவர் ஹேண்டில்பாரை எந்தக் கையால் பிடிப்பது? கல்யாணமான புதிதில் அவர் என்னைத்தான் அப்படிக் கட்டிக்கொண்டு வருகிறார் என்று மயிலாப்பூரில் எங்கள் தெருவே பேசியது. இல்லை, பானையைத்தான்.

போன வருடம் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்தது. பழைய மாடல், கேபிள் எங்கேயும் கிடைக்கவில்லை. ராயப்பேட்டையில் எங்கள் மெக்கானிக் வேறு வண்டியின் கேபிளை வெட்டி ஒட்டிப் பார்த்தார். இரண்டு நாளில் அதுவும் போயிற்று. ஆனால் பக்கத்திலேயே ஆர்பிஎம் மீட்டர் நன்றாக வேலை செய்தது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அது சொல்லிவிடும். அது தெரிந்தால் வேகம் தெரியாதா என்ன?

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. இன்ஜினின் சுற்று பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் குறைகிறது. கிளட்ச்சுக்கு முன்னால் ஒரு தடவை, கியரில் ஒரு தடவை, செயினில் ஒரு தடவை. செயினில் முன்னால் ஒரு சின்னப் பல்சக்கரம், பின்னால் ஒரு பெரியது. பின்னால் இருக்கும் பற்களை முன்னால் இருக்கும் பற்களால் வகுத்தால் அந்தக் குறைவு கிடைக்கும். மூன்றையும் பெருக்கினேன். நாலாவது கியரில் இன்ஜின் பத்தே முக்கால் சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. இனி, சக்கரம் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிய வேண்டும்.

அதற்கு டயரின் மேல் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. ஆள் ஏறினால் டயர் அமுங்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நான் உட்கார்ந்து, அவரையும் கடத்தோடு பின்னால் ஏற்றி, கால் ஊன்றித் தள்ளிக்கொண்டே பத்துச் சுற்று போய் டேப்பால் அளந்தேன். பதினெட்டு மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டர். எதிர் வீட்டு மாமி பால் பாக்கெட்டோடு நின்று, "என்ன, பெட்ரோல் இல்லையா?" என்று கேட்டார். "இருக்கு, கணக்குதான் இல்லை" என்றேன்.

ஆக, நாலாவது கியரில், நாலாயிரம் சுற்றில், நிமிடத்துக்கு எழுநூறு மீட்டர் சொச்சம். மணிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நகரத்துக்குள் அது போதும். நாலாவது கியர், முள் நாலில், வேகம் நாற்பத்திரண்டு: இதைச் சட்டம் மாதிரி வைத்துக்கொண்டேன். ஐந்தாவது கியர் நகரத்துக்குள் போடுவதில்லை என்பதும் அந்தச் சட்டத்தில் சேர்த்தி.

அவருக்கு அட்டவணை தேவைப்படவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே முள் எங்கே இருக்கிறது என்று பின்னால் இருந்து சொல்வார். சரியாகவும் இருக்கும். "அப்புறம் இந்தக் காகிதம் எதுக்கு?" என்று சீண்டுவார். ஒரே சுருதியில் நாலாவது கியரும் போகும், ஐந்தாவதும் போகும், வேகம் மட்டும் வேறு என்று நான் விளக்குவேன். "சுருதி உங்களது, கணக்கு என்னது" என்று பாகம் பிரித்துக்கொண்டோம். ஆனால் தாளக்காரருக்கும் கணக்குதான் பிழைப்பு என்பதை அப்போது சௌகரியமாக மறந்துவிட்டேன்.

இந்த வருடம் ஆடி மாதம், அடையாறில் ஆறு மணிக்குக் கச்சேரி. தாமதத்துக்குக் காரணம் நான். விடைத்தாள் கட்டை முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று ஒரு பிடிவாதம். அவர் பானையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "ஆட்டோல போயிடறேனே" என்றார். "ஆட்டோ உருட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள நான் கொண்டு விட்டுடுவேன்" என்று கிளப்பினேன்.

பாலம் இறங்கித் திரும்பினால் ஒரு நீளமான நேர் ரோடு. இரண்டு பக்கமும் மரம், ஆள் நடமாட்டம் இல்லை. ஆர்பிஎம் மீட்டரைப் பார்த்தேன், முள் நாலில் இருந்தது. தலையைத் தூக்கினால் ஒரு நாய் நடு ரோட்டில். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன். வண்டி நாயைத் தொடவில்லை. கடைசி நொடியில் அது நகர்ந்துவிட்டது. ஆனால் பின்சக்கரம் வழுக்கி, வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து, ரோட்டில் தேய்த்துக்கொண்டே போய் நின்றது.

எனக்கு முட்டியில் அடி, அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம். விழும்போதுகூடப் பானையை மார்போடு தூக்கித்தான் பிடித்திருக்கிறார். தோள் தரையில் பட்டதும் கை விட்டுவிட்டது. பை உருண்டு போய் நடைபாதை விளிம்பில் மோதியது. உள்ளிருந்து ஒரே ஒரு சத்தம். பதினெட்டு வருடம் அவர் கையில் இருந்த கடம் அது.

அவர் நடைபாதையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை. வண்டி கியரிலேயே நின்று போயிருந்தது, தள்ள வரவில்லை. அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து வண்டியை நிமிர்த்தினார். "கிளட்ச்ச புடிச்சிக்கினு நியூட்ரல் பண்ணுக்கா, ஓரமா தள்ளிக்கலாம்" என்றார். எங்கள் வண்டியில் முதல் கியர் கீழே, மற்ற நாலும் மேலே. நியூட்ரல் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில். கீழே அழுத்திக்கொண்டே வந்து முதல் கியருக்குப் போய், அங்கிருந்து லேசாக மேலே தூக்குவது என் வழக்கம். அழுத்தினேன். டக், டக், டக். தூக்கினேன். வண்டி அசையவில்லை.

"இன்னொரு தபா அமுக்குக்கா, மாட்டிக்கினு கீது" என்றார் ஆட்டோக்காரர்.

இன்னொரு முறை அழுத்தினேன். டக். லேசாகத் தூக்கியதும் வண்டி உருண்டது. விழுந்ததில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பொம்பளை இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டலாமா என்று ஒருவர் ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து என் கணவர் தலையைத் தூக்கி, "அஞ்சுலயா வந்தே?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் நடுவில் கட்டின புருஷனே கேட்கிறாரே என்று. "நாலு. நாலாவது கியர், நாலாயிரம், நாற்பத்திரண்டு. டவுனுக்குள்ள நான் எப்பவாவது அஞ்சு போட்டிருக்கேனா? வேணும்னா டேங்க்ல ஒட்டியிருக்கு, பாருங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இல்லே, நாலு..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"அதைத்தான் நானும் சொல்றேன், நாலு" என்றேன்.

அவர் தன் வலது கை விரல்களைப் பார்த்தார். "சரி" என்றார். விரலில் அடிபட்டிருக்கிறதோ என்று பயந்து பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அந்த நாற்பத்திரண்டை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை. அவருடைய அக்காவிடம் சொன்னேன், அன்றைய கச்சேரிப் பாடகரிடம் போனில் சொன்னேன், எதிர் வீட்டு மாமியிடம் சொன்னேன். நாற்பத்திரண்டில் போனவளை யார் குறை சொல்ல முடியும்? தப்பு நாயுடையது. நாயும் மறுத்துப் பேசவில்லை.

ஆவணியில் தி. நகரில் ஒரு கச்சேரி. வீட்டில் இருந்த இரண்டாவது கடத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். நான் பின்னாலேயே வண்டியில் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். எனக்குச் சங்கீதம் அவ்வளவு தெரியாது. ஆனால் தனி ஆவர்த்தனம் பிடிக்கும். பாட்டும் வயலினும் ஓய்ந்து, மிருதங்கமும் கடமும் மட்டும் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்ளும் இடம். மிருதங்கக்காரர் சிக்கலாக ஒன்றை வாசித்து, சிரித்துக்கொண்டே இவர் பக்கம் திரும்பினார். வழக்கமாக இவர் அதை அப்படியே வாங்கி, கூட ஒரு குறும்பும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். அன்று வலது கையைப் பானை மேல் வைத்தபடி ஒரு சுற்று முழுக்கச் சும்மா இருந்தார். தொடை மேல் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. முப்பது வருடமாக வாசிக்கிறவர் விரல்விட்டு எண்ணுவதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அப்புறம் எளிதாக ஏதோ வாசித்து முடித்துக்கொண்டார்.

"பானை சரியில்லே" என்றார் வீட்டுக்கு வந்து.

பானைதானே, வாங்கிவிட்டால் போயிற்று என்று புரட்டாசியில் அவரை மானாமதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒவ்வொரு கடமாகத் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தார். நல்ல கடம் என்று எனக்கே கேட்டது. ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவ்வளவுதான். மார்கழிக்குக் கூப்பிட்ட நாலு இடத்துக்கும் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலையில் கேட்கிற சாதகச் சத்தம் நின்றுபோய், வீட்டில் மிக்சியும் பிரஷர் குக்கரும்தான் சத்தம் போட்டன.

எனக்குப் பொறுக்கவில்லை. "பானை வந்தாச்சு. இப்ப என்ன?" என்று ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. "எனக்கு எண்ணிக்கை விட்டுப்போறது" என்றார். "தாளம் போயிண்டே இருக்கறப்போ சட்டுனு ஒரு சந்தேகம் வர்றது, எண்ணினது சரியா தப்பான்னு. காது டாக்டர்ட்டகூடப் போய்ட்டு வந்துட்டேன். காதுல ஒண்ணும் இல்லையாம்."

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு தாளக்காரர் தன் எண்ணிக்கையை நம்பவில்லை என்றால் அவர் மேடையில் உட்கார முடியாது. இது எனக்கே புரிந்தது. பயமாக இருந்தது. விழுந்தபோது தலையில் ஏதாவது பட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்றார். எதனால் இந்தச் சந்தேகம் வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் எங்கள் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தும் தோழியின் ஸ்கூட்டர் மழைத் தண்ணீரில் மூழ்கிப் படுத்துவிட்டது. ஒரு வாரம் அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் தி. நகரில் இறக்கிவிட்டேன். பின்னால் உட்கார்ந்து போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வருவாள். அதில் வேகமும் தெரியும். "உன் அட்டவணை என்ன சொல்லுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நாற்பத்திரண்டு" என்றேன்.

"போன் நாற்பத்தஞ்சு காட்டுதே."

"போனுக்கு என்ன தெரியும்? அது வானத்தைப் பார்த்துச் சொல்றது. நான் பல்லை எண்ணிச் சொல்றேன்."

மறுநாளும் நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தைந்துதான். நெரிசலில் இருபத்தெட்டில் போனபோது முப்பது. அவளை இறக்கிவிட்ட பிறகு சிக்னலில் நிற்கும்போது மனசு சும்மா இருக்கவில்லை. போன் கண்டபடி தப்பு சொன்னால் அது போனின் கோளாறு. ஒரே விகிதத்தில் தப்பு சொன்னால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. நாற்பத்தைந்தை நாற்பத்திரண்டால் வகுத்தேன். முப்பதை இருபத்தெட்டால் வகுத்தேன். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: பதினைந்தைப் பதினாலால் வகுத்தால் வருவது. செயினின் முன் சக்கரத்துக்குப் பதினாலு பல் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் ராயப்பேட்டைக்குத் திருப்பினேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பின் சக்கரத்தின் பற்களை நான் எண்ணினேன். வெளியே தெரிகிறது, எண்ணுவது சுலபம். நாற்பத்திரண்டு. புத்தகத்திலும் நாற்பத்திரண்டு. முன் சக்கரம் ஒரு மூடிக்குள் இருக்கிறது, போல்ட் கழற்ற வேண்டும். பின்னால் சரியாக இருந்ததால் முன்னாலும் சரியாகத்தான் இருக்கும் என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். பல்சக்கரத்தோடு விளையாடி வளர்ந்தவள், டயரைக்கூட நம்பாமல் தெருவில் சுண்ணாம்பு போட்டு அளந்தவள், இரண்டு போல்ட்டுக்குச் சோம்பல் பட்டேன்.

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். நானே குனிந்து எண்ணினேன். பதினைந்து.

"நான்தான் மேடம் போட்டேன்" என்றார் அவர் சர்வசாதாரணமாக. "மைலேஜே வரலன்னு நீங்க வந்து சத்தம் போட்டீங்களே, அதுக்குத்தான் ஒரு பல்லு ஏத்திப் போட்டேன். அன்னிக்கே சொன்னேன். நீங்க போன்ல யாருக்கோ கணக்கு சொல்லிக்கினு இருந்தீங்க."

"எப்போ?"

"கேபிள் அறுந்துச்சே, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. மைலேஜ் வருதா இல்லையா?"

வந்தது. அட்டவணை பிறக்கும்போதே தப்பாகப் பிறந்திருக்கிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு யார் அழுவார்கள்? வீட்டுக்குப் போய் இவரிடம் சொல்லிச் சிரிக்கலாம், ரொம்ப நாள் கழித்து இவரும் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவர் சமையலறையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். "ஒரு வேடிக்கை கேளுங்க. என் அட்டவணை தப்பாம். முன் சக்கரத்துக்குப் பதினஞ்சு பல்லு. அன்னிக்கு நாம நாற்பத்திரண்டுல போகல, நாற்பத்தஞ்சுல போயிருக்கோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த அவரைக்காயைத் தட்டில் வைத்தார். "உன் கணக்கு தப்பா?" என்றார்.

"கணக்கு சரிதான். நான் எடுத்துக்கிட்ட எண் தப்பு."

"அப்போ கியர்?"

"கியருக்கென்ன?"

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நடைபாதைல உக்காந்துண்டு இருந்தப்போ கேட்டேன். நாலு தடவை டக்குனு கேட்டுது. அப்புறம் ஒரு சின்னது. நாலாவது கியர்னா மூணுதானே கேக்கணும்? அதான் அஞ்சுலயா வந்தேன்னு கேட்டேன். நீ நாலுன்னே. நீ கணக்குல தப்பு பண்ணி நான் பார்த்ததில்லே. அப்போ நான்தான் தப்பா எண்ணியிருக்கேன். நாலு. வெறும் நாலு. அதை எண்ணத் தெரியாதவன் எப்படி மேடைல உக்காந்து எட்டையும் பதினாறையும் எண்ணறது?"

ஆடியிலிருந்து ஐப்பசி வரை இந்த மனிதர் எத்தனை காலை பானையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று கண் முன்னால் வந்தது. பானை உடைந்ததால் அவர் நிற்கவில்லை. நான் அவ்வளவு பேர் நடுவில், அவ்வளவு உறுதியாக, நாலு என்று சொன்னதால் நின்றிருக்கிறார்.

"கீழே வாங்க" என்றேன்.

அவரை வண்டிக்கு முதுகு காட்டி, கேட்டைப் பார்த்தபடி நிற்க வைத்தேன். வண்டியை உருட்டி உருட்டி நாலாவது கியருக்குக் கொண்டுபோனேன். கிளட்ச்சைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டே வந்து, கடைசியில் நியூட்ரலுக்குத் தூக்கினேன்.

"மூணு, ஒரு சின்னது" என்றார் திரும்பாமலே. "திஸ்ரம்."

ஐந்தாவதுக்குக் கொண்டுபோனேன். டக், டக், டக். மூன்றாவது அழுத்தலில் என் கால் தானாகவே மேலே தூக்கப் பார்த்தது. மூன்றோடு முடிந்தது என்று பழகிய கால். அப்படித் தூக்கப் போனபோது, அடையாறு ரோட்டில் குனிந்து வண்டியைப் பிடித்திருந்த ஆட்டோக்காரரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னொரு தபா அமுக்குக்கா. எதுவும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை அன்றைக்கு. இன்னொரு கியர் பாக்கி இருந்தது. நாலாவது முறையும் அழுத்தினேன். டக். தூக்கினேன்.

"நாலு, ஒரு சின்னது. சதுஸ்ரம். இதுதான்" என்றார்.

நான் நினைத்திருந்தால் அப்போதும் வாதம் செய்திருக்கலாம். வாதம் செய்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. விழுந்த அதிர்ச்சியில் ஒரு முறை கூட அழுத்தியிருக்கலாம், லிவர் வளைந்திருக்கலாம் என்று அடுக்கியிருக்கலாம். அவர் அதையும் "சரி" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அதை நினைத்ததும்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"நீங்க எண்ணினது சரி" என்றேன். "அஞ்சுலதான் வந்தேன். நேரமாச்சுன்னு பறந்தேன், அஞ்சு போட்டதே தெரியல. மூணு அழுத்தினப்புறம் நகரலேன்னு ஆட்டோக்காரர் இன்னொண்ணு அழுத்தச் சொன்னார். நாலுதான். உங்க காதுலயும் ஒண்ணும் இல்ல, எண்ணிக்கையிலயும் ஒண்ணும் இல்ல. தப்பு முழுக்க என்னது."

"நாலுதானே?" என்றார் இன்னொரு தடவை.

"நாலுதான்."

அவர் மாடிக்குப் போய்விட்டார். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்று மிச்சக் கணக்கைப் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாவது கியர், பதினைந்து பல், நாலாயிரம் சுற்று. ஐம்பத்து நாலு. அது மட்டும் இல்லை. வேகம் கால் பங்குக்கு மேல் கூடினால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த நாற்பத்திரண்டில் உண்மையிலேயே வந்திருந்தால், நாய்க்கு நாலு அடி முன்னால் நிம்மதியாக நின்றிருப்பேன். நாய் வாலை ஆட்டிக்கொண்டு போயிருக்கும். பதினெட்டு வருடக் கடம் இன்னும் இருந்திருக்கும். கரும்பலகையில் அழித்துத் திருத்திய நாட்களில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன், ஆனால் இது அழித்தால் போகிற தப்பு இல்லை.

மாடியில் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுக்கிற சத்தம் கேட்டது. ஜிப் திறந்தது. அப்புறம் புதுக் கடத்தில் நாலு தட்டு, ஒரு சின்னது. மறுபடியும் நாலு, ஒரு சின்னது. அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு, உடைத்து, இரட்டித்து, எங்கெங்கோ போய், கடைசியில் வந்து சேர வேண்டிய இடத்தில் டக்கென்று நிறுத்தினார். எதிர் வீட்டு மாமி பால்கனிக்கு வந்துவிட்டார். நான் வண்டி சீட்டில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மாமி பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது.

அட்டவணையை அன்றே உரித்தேன். பசை போகவில்லை, டேங்க் மேல் ஒரு சதுரம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. புதிய அட்டவணை ஒன்று போட்டேன், இந்த முறை மூடியைக் கழற்றி எண்ணி. அதை ஒட்டவில்லை, மேஜை டிராயரில் இருக்கிறது. அவருடைய அக்காவுக்கும் பாடகருக்கும் மாமிக்கும் வரிசையாகச் சொல்லி முடித்தேன்: நாற்பத்திரண்டு இல்லை, ஐம்பத்து நாலு. மாமி மட்டும், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

அவர் மார்கழிக்குக் கூப்பிட்ட நாலு இடத்துக்கும் போன் செய்தார். மூன்று இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். தி. நகரில் ஒன்று மட்டும் இன்னும் காலியாக இருந்தது.

கச்சேரி அன்று நான் நாலரைக்கே கல்லூரியிலிருந்து வந்துவிட்டேன். திருத்தாத கட்டு பைக்குள்ளேயே இருந்தது. ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று கேட்டேன், நிஜமாகத்தான் கேட்டேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பானையை நடுவில் வைத்து, பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினேன். தெரு முனை தாண்டி இரண்டாவது போட்டபோது பின்னாலிருந்து மெதுவாக "ரெண்டு" என்று கேட்டது. மூன்றாவது போட்டேன். "மூணு." தி. நகர் வரைக்கும் நான் எதையும் எண்ணவில்லை. ஆர்பிஎம் மீட்டரைக்கூடப் பார்க்கவில்லை. ரோடு காலியாக இருந்த ஒரு இடத்தில் நாலாவது போட்டேன், அவர் "நாலு" என்றார். ஐந்தாவதுக்கு நான் போகவில்லை. போயிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.